மரத்தைத் தொடுறதுக்கு முன்னாடி உளியைத் தீட்டணும்

போன தீபாவளிக்கு மதுரைக்குப் போயிருந்தப்ப அம்மாவோட அருவாமணை ஆட ஆரம்பிச்சிருந்துச்சு. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லருந்து அது அந்த அடுக்களையிலதான் கெடக்கு, பாட்டி காலத்து மாமரப் பலகை, நடுவுல தேஞ்சு ஒரு பள்ளமே விழுந்திருக்கும். அருவாவோட வாலு பலகைக்குள்ள இறங்கி அடியில மடங்கியிருக்கும், அந்தத் துளை வருஷக்கணக்கா தண்ணி பட்டு காஞ்சு, தண்ணி பட்டு காஞ்சு பெருசாகிப்போச்சு. அப்பா ஒரு பழைய வேட்டித் துணிய மடிச்சு சொருகி வச்சிருந்தாரு. அம்மா பூசணிக்காய் நறுக்கும்போது அருவா லேசா சாயுது, அம்மா கையும் அதுகூடவே சாயுது, பாத்ததும் எனக்கு பக்குனு ஆயிடுச்சு.

"விடும்மா நான் சரி பண்ணித் தரேன்"னு சொல்லி பெவிகால் ஊத்தி ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ வச்சு முறுக்கினேன். ரெண்டாவது ஸ்க்ரூ இறங்கும்போதே பலகை நெடுக விரிசல் விட்டுச்சு. அம்மா ஒண்ணும் திட்டல, அந்தப் பலகைய ஒரு தடவ தடவிப் பாத்துட்டு, "முன்னாடி நம்ம தெருவுல ஒரு ஆசாரி இருப்பாரு, ஒரு ஆப்பு வச்சு அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருப்பாருடி"ன்னு மட்டும் சொன்னாங்க. கோயம்புத்தூர் திரும்பி வர்ற பஸ்ல முழுக்க அந்த வார்த்தையேதான். எனக்கு 34 வயசு, நாள் முழுக்க கணக்கு பாக்குற வேலை, ஒரு ஆப்பு செதுக்கத் தெரியல, ஆப்பு எதுக்கு வைக்கிறாங்கன்னும் தெரியல. கத்துக்கணும்னு அந்த பஸ்லயே முடிவு பண்ணிட்டேன்.

முதல்ல போன ஒர்க்‌ஷாப்ப பத்தி சுருக்கமா சொல்லிடறேன். ஒரு நாள் கிளாஸ், காபி, ஏப்ரன், நல்ல வெளிச்சம். சப்பாத்திப் பலகை செய்யறோம்னாங்க. போய்ப் பாத்தா பலகை ஏற்கனவே வட்டமா அறுத்து வச்சிருந்தது, நாங்க உப்புத்தாள் போட்டு தேய்ச்சு எண்ணெய் தடவி போட்டோ எடுத்துக்கிட்டோம், அவ்வளவுதான். நல்ல மனசோட நடத்தினாங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா சாயங்காலம் அந்தப் பலகையோட வெளிய வந்தப்ப காலைல தெரியாதது எதுவுமே எனக்கு புதுசா தெரியல. ஒரு உளியக்கூட கையில எடுக்கல. இது மாதிரி கிளாஸ் இப்ப எல்லா ஊர்லயும் நடக்குது, பணம் கட்டறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க, உளி தீட்ட சொல்லித் தருவீங்களான்னு. அதுக்கு வர்ற பதில்லயே எல்லாம் தெரிஞ்சுடும்.

அடுத்து போனது பீளமேடு பக்கம் ஒரு சின்ன இடம், முன்னாடி லேத் பட்டறையா இருந்தது, தரையெல்லாம் இன்னும் அந்தக் கிரீஸ் கறை இருக்கு. நாலு சனிக்கிழமை, காலைல ஒம்போதுலருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும். சொல்லித் தந்தவருக்கு எழுபத நெருங்குற வயசு, ஆசாரி குடும்பம், எல்லாரும் ஐயான்னுதான் கூப்பிடுவோம். பன்னெண்டு வயசுல மாமா பட்டறைக்கு போனவரு, மொத வருஷம் பூரா கூட்டுறதும் தீட்டுறதும் மட்டும்தானாம், மரத்துல கை வைக்கவே விடமாட்டாங்களாம். எங்ககூட படிச்சது மொத்தம் ஆறு பேர், ரிட்டையர் ஆன பஸ் டிரைவர் ஒருத்தர், பல் டாக்டர் அக்கா ஒருத்தங்க, காலேஜ் பையன் ரெண்டு பேர், தோட்டம் வச்சிருக்கிற ஒரு அண்ணா, அப்பறம் நான்.

மொத நாள் பெஞ்ச் மேல ஆளுக்கொரு புது உளி வச்சிருந்தாரு, கடையிலருந்து வந்த பாக்கெட்ட கூட பிரிக்கல. பக்கத்துல ஒரு வேப்பங்கட்டை. "செதுக்குங்க பாக்கலாம்"னாரு. எல்லாரும் செதுக்கினோம், உளி வழுக்குது, மரம் பிஞ்சு வருது, கை வலிக்குது. பத்து நிமிஷம் விட்டுட்டு அவரு தன்னோட உளிய எடுத்துட்டு வந்து அதே கட்டைல என் பக்கத்துல நின்னு ஒரு தள்ளு தள்ளினாரு. வெங்காயத் தோல் மாதிரி ஒரு சீவல் சுருண்டு வந்துச்சு, செதுக்கின இடம் எண்ணெய் தடவினாப்ல பளபளன்னு இருந்துச்சு. "கடைல விக்கிறது உளி இல்லீங்க, உளி செய்யறதுக்கான இரும்பு. அத உளியாக்கறது நம்ம வேலை"ன்னாரு. அன்னைக்கு முழுக்க அந்த ஒரு வேலைதான் பாத்தோம்.

தீட்டறதுன்னா முனைய மட்டும் கல்லுல உரசறதுன்னு நெனச்சிருந்தேன். அப்படி இல்ல. உளியோட முதுகுப் பக்கம், அதாவது சரிவு இல்லாத தட்டைப் பக்கம், அதுதான் முதல்ல சமமாகணும். முனைங்கறது ரெண்டு பரப்பு சந்திக்கிற கோடு, ஒரு பரப்பு மேடுபள்ளமா இருந்தா அந்தக் கோடு எப்பவுமே நேரா வராது. பத்து மில்லிமீட்டர் தடிமன் கண்ணாடி மேல வாட்டர் பேப்பர (தண்ணி போட்டு தேய்க்கிற உப்புத்தாள்) ஒட்டி, தண்ணி தெளிச்சு, முதுகப் படுக்க வச்சு தேய்க்கணும். 220 நம்பர் பேப்பர்ல ஆரம்பிச்சு 400, 800, 1000, 2000னு நைஸாகிட்டே போகணும். முதுகுல மார்க்கர்ல கோடு போட்டுட்டு தேய்ச்சா எங்க மேடு எங்க பள்ளம்னு தெரிஞ்சுடும், மேட்டுல மை அழியும், பள்ளத்துல மை அப்படியே நிக்கும். என் உளியில ஓரமா ஒரு பிறை மாதிரி மை அழியவே மாட்டேன்னுச்சு, அத அழிக்க மட்டும் ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு. விரல் நுனியெல்லாம் கருத்து, தோல் தேஞ்சு போச்சு.

அப்பறம் சரிவு. 25 டிகிரியில பொதுவான சரிவு, நுனியில மட்டும் 30 டிகிரிக்கு ஒரு மெல்லிசான கோடு. சரிவுப் பக்கம் தேய்க்கத் தேய்க்க முதுகுப் பக்கம் ஒரு பிசிறு எழும்பும், கண்ணுக்கு தெரியாது, கட்டை விரல வச்சு முனைக்கு வெளிப்பக்கமா தடவினா நகத்துல மாட்டற மாதிரி லேசா கொரகொரன்னு படும். அந்தப் பிசிறு இந்த மூலைலருந்து அந்த மூலை வரைக்கும் விட்டுப்போகாம வந்தாத்தான் அடுத்த பேப்பருக்கு போகணும். இத எத்தனை வீடியோவுல பாத்திருக்கேன் தெரியுமா, ஒண்ணும் மண்டைல ஏறல, ஐயா என் விரல புடிச்சு அவரு உளியோட பிசிறு மேல வச்சு "இது" ன்னாரு, அப்பறம் என் உளி மேல வச்சு "இங்க இருக்கு, இங்க இல்ல" ன்னாரு, அந்த நிமிஷம் புரிஞ்சது. ஆளு நேர்ல பக்கத்துல நின்னு சொல்லித் தர்றதுக்கு நான் குடுத்த காசுக்கு அந்த ஒரு நிமிஷமே போதும்.

கடைசியா பழைய தோல் பெல்ட்ட பலகைல ஒட்டி, எவர்சில்வர் பாத்திரத்துக்கு பாலிஷ் போடற பச்சைக் கட்டிய தேய்ச்சு, அதுல உளிய பின்னாடி பக்கமா மட்டும் இழுக்கணும், முன்னாடி தள்ளினா தோல் வெட்டுப்படும். எங்க ஆறு பேர்ல முதல்ல தீட்டி முடிச்சது பல் டாக்டர் அக்காதான். சின்ன கருவிய ஒரே கோணத்துல அசையாம புடிக்கிற பழக்கம் அவங்க கையில ஏற்கனவே இருந்துச்சு. அவங்க வேப்பங்கட்டையோட குறுக்கு வெட்டுல, அதாவது நார் முனையெல்லாம் மேல பாத்து நிக்கிற பக்கத்துல, உளிய தள்ளினப்ப சத்தமே மாறிடுச்சு. மழுங்கின உளி கரகரன்னு கத்தும், தீட்டின உளி ஸ்ஸ்னு மூச்சு விடும். ஐயா முதுக திருப்பிக்கிட்டு டீ குடிச்சிட்டிருந்தாரு, திரும்பிக்கூட பாக்காம "ஆச்சு"ன்னாரு.

ரெண்டாவது வாரம் கொட்டாப்புளி. உளிய அடிக்கிற மரச் சுத்தியல். கடைல வாங்கலாம்தான், ஆனா ஐயா வாங்க விடல, தன் கருவிய தானே செஞ்சாத்தான் அது எதுக்காக அப்படி இருக்குன்னு தெரியும்னு சொல்லிட்டாரு, இப்ப யோசிச்சா அந்த நாலு வாரத்துல நான் கத்துக்கிட்டதுல பாதி அந்தக் கொட்டாப்புளியிலதான் இருக்கு. தலைக்கு புளியமரத்து வைரம், அதாவது நடுவுல இருக்கிற கெட்டியான மரம். புளிய மரத்துல நார் ஒரே திசையில ஓடாது, பின்னிப் பின்னி ஓடும், அதனால அடி வாங்கினா லேசுல பிளக்காது, கறிக்கடையில வெட்டுற கட்டை புளியமரத்துல இருக்கறது அதுக்குத்தான். அதே காரணத்துக்காக செதுக்கறதும் சிரமம், எந்தப் பக்கம் தள்ளினாலும் கொஞ்ச தூரத்துல எதிர் நாரு வந்து பிச்சுக்கும். வெள்ளைப் பகுதிய எல்லாம் வெட்டி எறிஞ்சுட்டு கருத்த வைரத்த மட்டும் எடுத்தோம்.

அந்தத் தலைல காம்பு போற துளைதான் விஷயம். சாதா சுத்தியல்ல காம்ப கீழருந்து சொருகி மேல ஆப்பு அடிப்பாங்க. கொட்டாப்புளில மேலருந்து கீழ காம்ப இறக்கணும். துளை மேல பக்கம் கீழ விட ரெண்டு நூல் அகலமா இருக்கும், காம்பும் அதே மாதிரி மேல அகலமா கீழ ஒடுங்கி இருக்கும். (நூல்னா ஆசாரிங்க கணக்கு, எட்டு நூல் ஒரு இஞ்ச். எங்க ஆபீஸ்ல சொன்னா யாருக்கும் தெரியல, எங்க தாத்தா இதுலதான் பேசுவாரு.) வீசி அடிக்க அடிக்க தலை வெளிப்பக்கமா போகப் பாக்கும், காம்பு வெளிய போகப் போக அகலமாகிறதால அங்கயே இறுகிக்கும். பசையும் கெடையாது ஆணியும் கெடையாது, அடிக்கிற அடியே அத இறுக்கிடும். இத அட்டையில வரைஞ்சு காமிச்சிருந்தா "ஓ அப்படியா"ன்னு தலையாட்டிட்டு மறந்திருப்பேன். நானே ரெண்டு பக்கமும் பாதிப் பாதியா துளை போட்டு, நடுவுல சந்திக்காம ஒரு நூல் விலகி, மறுபடி சரி பண்ணி, காம்ப இறக்கி, எடுத்து, எங்க இடிச்சு கருப்பா தேய்ஞ்சிருக்குன்னு பாத்து அங்க மட்டும் சீவி, மறுபடி இறக்கி, இப்படி ஒரு இருபது தடவ பண்ணினதுக்கப்பறம் அது மறக்கவே மறக்காது.

அன்னைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல அருவாமணை விஷயத்த ஐயாகிட்ட சொன்னேன். கேட்டுட்டு, "அம்மிணி, உங்க ஊர்ல மம்பட்டி காம்பு ஆடுச்சுன்னா என்ன பண்ணுவாங்க?"ன்னு கேட்டாரு. "ராத்திரி தண்ணில ஊறப் போடுவாங்கய்யா, காலைல கெட்டியா இருக்கும்"னேன். "மறுவாரம்?" "மறுவாரம் முன்னவிட மோசமா ஆடும்." "ஏன்?" எனக்கு பதில் தெரியல. தோட்டத்து அண்ணாவுக்கும் தெரியல, அவரு வாழ்க்கை பூரா மம்பட்டி புடிச்சவரு.

விஷயம் இதுதான். மரம் ஈரத்த குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கும். நீளவாக்குல கிட்டத்தட்ட ஒண்ணுமே மாறாது, குறுக்காலதான் மாறும், அதுலயும் மரத்தோட வயசு வளைய ஓட்டத்தோட போற பக்கம் அதிகம், நடுத்தண்டுலருந்து வெளிய போற பக்கம் அதுல ஏறக்குறைய பாதி. இரும்பு வளையத்துக்குள்ள இருக்கிற காம்பு ஊறி உப்பறப்ப, இரும்பு நகராது, அதனால மரத்தோட நாரு தன்னையே நசுக்கிக்குது. நசுங்குனது நசுங்குனதுதான், காஞ்சதும் முன்ன இருந்த அளவவிட கொறஞ்சு நிக்கும். அம்மாவோட அருவாமணைலயும் அதேதான், தெனமும் கழுவறாங்க, தெனமும் காயுது, அருவா வால சுத்தி இருந்த மரம் கொஞ்சம் கொஞ்சமா தன்னையே நசுக்கி துளைய பெருசாக்கிடுச்சு. அதுல போய் நான் முன்துளை போடாம, நாரு நீளத்துக்கு நேரா, ஓரத்துக்கு பக்கத்துல ஸ்க்ரூ முறுக்கினா அது பிளக்காம என்ன பண்ணும். ஸ்க்ரூவே ஒரு ஆப்புதானே. தீபாவளிலருந்து மனசுல உறுத்திட்டு இருந்த ஒண்ணுக்கு அன்னைக்கு தயிர்சாதம் சாப்பிட்டுக்கிட்டே காரணம் தெரிஞ்சது, நான் கொஞ்ச நேரம் பேசாம உக்காந்திருந்தேன்.

நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுப்பாடம் மாதிரி ஒண்ணு குடுத்தாரு, கௌலி பிரவுன் ரோட்டுல இருக்கிற காஸ் வன மியூசியத்துக்கு போய் மரத்துண்டுங்களோட குறுக்கு வெட்ட மட்டும் பாத்துட்டு வாங்கன்னு. 1902லருந்து இருக்கிற மியூசியம், கோயம்புத்தூர்ல பத்து வருஷமா இருக்கேன், அந்தக் கட்டடத்த தாண்டி எத்தனையோ தடவ போயிருக்கேன், உள்ள போனதில்ல. தேக்கு, ஈட்டி, வேங்கைன்னு பேரோட அடுக்கி வச்சிருக்காங்க. தேக்குல வளையத்த ஒட்டி வரிசையா பெரிய பெரிய துவாரம் தெரியும், அதுதான் இழைச்சதுக்கப்பறம் அந்த நீளநீளமான ரேகையா வருது. தேக்குக்குள்ள மணல்ல இருக்கிற அதே சிலிக்கா இருக்கு, அதனால உளி முனை சீக்கிரம் மழுங்கும், இழைக்க மெத்துன்னு இருக்கு ஆனா அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கேன்னு நான் கொழம்பினதுக்கு அதுதான் காரணம்னு ஐயா அப்பறம் சொன்னாரு.

மூணாவது வாரம்தான் நான் அதிகமா எதிர்பாத்தது, கொல்லு பட்டறை. அன்னூர் போற வழியில ஊருக்கு வெளிய ஒரு புளியமரத்தடி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஐயாவுக்கு பழக்கமான கொல்லர் ஒருத்தரு. அருவா, கொத்து, கடப்பாரைக்கு முனை அடிக்கிறதுதான் அவருக்கு தெனப்படி வேலை. எங்களுக்கு ஆளுக்கொரு குறிக்கத்தி செய்யறதுன்னு ஏற்பாடு, மரத்துல பென்சில் கோட்டுக்கு பதிலா மெல்லிசா கீறல் போடறதுக்கு. பென்சில் கோட்டுக்கு ஒரு தடிமன் இருக்கும், அதுல எந்த ஓரத்துல அறுக்கறதுன்னு தெரியாது, கத்திக் கீறல்ல உளி தானா போய் உக்காந்துக்கும்.

இரும்பு எங்கருந்துன்னா பழைய அரம். நல்ல அரத்துல கார்பன் ஒரு சதவீதத்துக்கும் மேல இருக்கும், அதனால கெட்டியாக்க முடியும். ஆனா இப்ப வர்ற மட்டமான அரம் சிலதுல மேல்தோல் மட்டும்தான் கெட்டி, உள்ள சாதா இரும்பு. எப்படி கண்டுபுடிக்கறதுன்னா கிரைண்டர்ல ஒரு ஓரத்த தொட்டுப் பாக்கணும். சாதா இரும்புல தீப்பொறி நீளமா கோடு கோடா போகும், கார்பன் இருக்கிறதுல பொறி நுனியில படபடன்னு வெடிச்சு கெளை விரியும். கொல்லர் அதப் பாத்துட்டு "பூ பூக்குது, இது ஆவும்"னாரு. நான் கொண்டு போன ரெண்டு அரத்துல ஒண்ணு பூக்கல.

முதல்ல அரத்த செவக்கக் காய்ச்சி சாம்பலுக்குள்ள பொதைச்சு வச்சிடறாங்க, மெதுவா ஆறணும், அப்பத்தான் மெத்துன்னு ஆகும், இன்னொரு அரம் போட்டு ராவ முடியும். அத அவரு முந்தின நாளே எங்களுக்காக பண்ணி வச்சிருந்தாரு. நாங்க பல்லையெல்லாம் ராவி எடுத்து, நுனிய ஈட்டி மாதிரி ஆக்கி, ஒரு பக்கம் மட்டும் சரிவு வச்சோம். அப்பறம் மறுபடி உலைல வச்சு கெட்டியாக்கறது. எவ்வளவு செவக்கணும்? இங்கதான் காந்தம். இரும்பு சுமார் 770 டிகிரி தாண்டினா காந்தத்துல ஒட்டாது. கயித்துல கட்டின ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்த கிட்ட கொண்டு போவோம், இழுத்தா இன்னும் ஆகல, இழுக்கலன்னா இன்னும் ஒரு துளி சூடேத்தி நேரா எண்ணெய்க்குள்ள முக்கணும். கொல்லருக்கு காந்தம் தேவைப்படல, அவரு நெறத்தப் பாத்தே சொல்றாரு, அதனாலதான் உலைய எப்பவும் நெழல்ல வைக்கிறாங்க, வெயில்ல இரும்போட செவப்பு கண்ணுக்கு கொறைச்சலா தெரியும், அதிகமா காய்ச்சிடுவோம்.

நான் முக்கினப்ப எண்ணெய் புஸ்ஸுனு பொகைஞ்சுது, வெளிய எடுத்து அரத்த வச்சு உரசிப் பாத்தா வழுக்கிட்டு போகுது, கடிக்கவே இல்ல. கெட்டியாயிடுச்சு. சந்தோஷத்துல காலேஜ் பையன்கிட்ட காமிக்கறேன்னு நீட்டறப்ப கை நழுவி கீழ விழுந்துச்சு. சிமெண்ட் தரை. கண்ணாடி டம்ளர் விழுந்த மாதிரி டிங்னு ஒரு சத்தம், ரெண்டு துண்டு. உடைஞ்ச இடத்துல சாம்பக் கலர்ல பொடிப்பொடியா மணல் மாதிரி இருந்துச்சு. எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, காலைலருந்து ராவின ராவல். கொல்லர் அந்தத் துண்ட எடுத்து எல்லாருக்கும் காமிச்சு, "கண்ணு, நல்லா பாத்துக்கோங்க, பதம் எறக்காத இரும்பு இப்பிடித்தான். நல்ல கெட்டிதான், ஆனா உசுரு இல்ல"ன்னாரு.

பதம் எறக்கறதுங்கறது, கெட்டியான இரும்ப மறுபடி லேசா சூடாக்கி அந்த ஒடையற தன்மைய கொஞ்சம் விட்டுக்குடுக்க வைக்கிறது. முனைய உப்புத்தாள்ல பளபளன்னு தேய்ச்சுட்டு, அடிப்பக்கம் மட்டும் ஒரு காய்ச்சின கட்டை இரும்பு மேல வைக்கணும். சூடு அடிலருந்து முனைய நோக்கி நடந்து போறது கண்ணுக்கே தெரியும், நெறமா தெரியும். முதல்ல காஞ்ச வைக்கோல் மாதிரி வெளிர் மஞ்சள், அது 200 டிகிரிக்கு கொஞ்சம் மேல. பின்னாலயே பழுப்பு, அப்பறம் கத்திரிப்பூ, அப்பறம் நீலம், நீலம்னா ஏறக்குறைய 300. வைக்கோல் நெறம் முனைய தொடற அந்த நொடில எடுத்து தண்ணில போட்டா போச்சு, முனைல கெட்டி, அடிப்பக்கம் வளையற தன்மை. ஒரே இரும்புத் துண்டுல ரெண்டு கொணம். அன்னைக்கு சாயங்காலம் இருட்டற வரைக்கும் இருந்து, காலேஜ் பையன் கொண்டு வந்திருந்த இன்னொரு அரத்துத் துண்ட வாங்கி ரெண்டாவது கத்தி பண்ணினேன். முதல் கத்தி ஒடைஞ்ச துண்டு இன்னும் என் மேசைல பேனா டப்பாக்குள்ள இருக்கு.

திரும்பி வர்றப்ப கார்ல ஐயா ஒண்ணு சொன்னாரு. நொய்யல் கரையில கொடுமணல்ல தோண்டினப்ப இரும்பு உருக்கின உலையோட தடயம் கெடைச்சிருக்கே, அங்க உலை ஊதினவனுக்கும் இன்னைக்கு நீ பாத்த கொல்லருக்கும் நெறத்தப் பாக்குற கண்ணு ஒண்ணுதான்னு. ஈரோடு மாவட்டத்துல இருக்கு கொடுமணல், இங்கருந்து தொட்டுற தூரம். அவரு அத பெருமையாவும் சொல்லல, வருத்தமாவும் சொல்லல, பக்கத்து ஊர்ல இருக்கிற சொந்தக்காரங்கள பத்தி சொல்ற மாதிரி சொன்னாரு.

நாலாவது வாரம் இழைப்புளி. மரத்த சீவி வழவழப்பாக்கற கருவி. ஐயாகிட்ட இருக்கறது அவங்க மாமாவோடது, ஒரே ஈட்டிக்கட்டைய குடைஞ்சு செஞ்சது, கை புடிச்சு புடிச்சு ரெண்டு பக்கமும் விரல் தடம் பதிஞ்சு கெடக்கு. அப்படி குடையறதுக்கு நமக்கு ஒரு வாரம் பத்தாது. அதனால எங்களுக்கு ஜேம்ஸ் க்ரெனோவ் முறையில செய்ய சொல்லித் தந்தாரு. க்ரெனோவ் 1920ல ரஷ்யால பொறந்து, ஸ்வீடன்ல தச்சு வேலை கத்துக்கிட்டு, 1981லருந்து கலிபோர்னியால ஃபோர்ட் பிராக்ங்கற ஊர்ல பசங்களுக்கு சொல்லித் தந்தவரு, 2009ல போய்ச் சேந்தாரு. அவரு பசங்களுக்கும் தங்களோட இழைப்புளிய தாங்களே செய்யறதுதான் ஆரம்பப் பாடம். முறை சுலபம், கட்டைய குடையறதுக்கு பதிலா ரெண்டு பக்கமும் ஒரு பலகை அறுத்து எடுத்துட்டு, நடுக்கட்டைல 45 டிகிரிக்கு சாய்வு அறுத்து, இடைவெளி விட்டு மறுபடி பக்கப் பலகைங்கள ஒட்டிடறது. குறுக்கால ஒரு உருட்டுக் குச்சி, அதுக்கு கீழ சீவற தகடு, தகட்ட இறுக்க ஒரு ஆப்பு. ஆப்பு! எந்த வார்த்தையோட பஸ் ஏறினேனோ அதே வார்த்தை இங்க வந்து நின்னுச்சு.

அடியில தகடு எட்டிப் பாக்குற வாய் தலைமுடி தடிமனுக்கு திறந்திருந்தா போதும். அகலமா போனா சீவல் எழும்பற எடத்துல மரத்த அமுக்கிப் புடிக்க ஆளில்லாம பிச்சுக்கிட்டு வரும். அதனால வாய மூடியே ஒட்டிட்டு, அப்பறம் அடிப்பக்கத்த கொஞ்சங்கொஞ்சமா இழைச்சு இழைச்சு திறக்கணும். ஒரு தடவ அதிகமா திறந்துட்டா திரும்ப மூட முடியாது. ஐயா அங்க எங்கள தனியா விடல, ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் நின்னாரு.

இன்னொன்னு சொல்லணும். எங்களுக்கெல்லாம் பெஞ்ச், மரத்த கவ்விப் புடிக்கிற வைஸ், எல்லாம் இருந்துச்சு. ஐயா பெஞ்ச்ல நின்னு சொல்லிக் குடுப்பாரு, ஆனா அவரு சொந்த வேலைன்னு வந்தா தரையிலதான் உக்காருவாரு. கட்டைய குதிகாலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவுல புடிச்சுக்கிட்டு ரெண்டு கையும் உளியில. மரத்த திருப்பணும்னா கால் விரலே திருப்பும். வைஸ ஒவ்வொரு தடவையும் முறுக்கி, அவுத்து, முறுக்கி நாங்க ஒரு கழுந்து (துளைக்குள்ள சொருகற மர முனை) சீவற நேரத்துல அவரு மூணு முடிச்சிருப்பாரு. நான் ஒரு நாள் அப்படி உக்காந்து பாத்தேன், பதினஞ்சு நிமிஷத்துல தொடை நடுங்கிடுச்சு. சின்ன வயசுல அம்மா கூட அருவாமணைல ஒரு கால மடக்கி பலகைய அமுக்கி உக்காருவாங்கல்ல, அதே உக்காரல்தான். ஐயா "புடவை கட்டின பொம்பளைங்க ஆயுசு பூரா இப்பிடித்தான உக்காந்து வெட்டறாங்க, இதுல ஆம்பள வேலை பொம்பள வேலைன்னு என்ன இருக்கு"ன்னாரு. ஒரு பொண்ணு கொட்டாப்புளி புடிக்கிறத விசித்திரமா பாத்தவங்க அந்த நாலு வாரத்துல உண்டு, டீக்கடைல, மரக்கடைல, எங்க அப்பார்ட்மெண்ட் வாட்ச்மேன் அண்ணா வரைக்கும். ஐயா ஒரு தடவகூட அப்படி பாக்கல. அத நான் எழுதி வைக்கணும்னு நெனச்சேன்.

நாலு வாரத்துல நான் ஆசாரி ஆயிட்டேனான்னா இல்ல. அவருக்கு ஏழு வருஷம் ஆச்சாம் தனியா ஒரு நிலை வாசல் போடறதுக்கு. ஆனா நாலு வாரத்துல வீட்டுக்கு நான் எடுத்துட்டு வந்தது ஒரு தீட்டின உளி, ஒரு கொட்டாப்புளி, ஒரு குறிக்கத்தி, ஒரு இழைப்புளி. அதுல உளி தவிர மத்ததெல்லாம் நான் செஞ்சது. ஒரு ஸ்டூலோ சப்பாத்திப் பலகையோ எடுத்துட்டு வந்திருந்தா அது வீட்டுல ஒரு மூலைல இருந்திருக்கும். இந்த நாலும் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கையில இருக்கு.

விரிசல் விட்ட பலகைய பொங்கலுக்கு போனப்ப பாத்தேன், அது இனிமே தேறாது, புதுசுதான். ஐயா பழக்கத்துல ஒரு தோட்டத்துல காத்துல சாஞ்ச வேப்பமரம் கெடைச்சுது, சா மில்லுல குடுத்து ரெண்டு இஞ்ச் தடிமனுக்கு மூணு பலகை அறுத்தோம். பச்சை மரம், உடனே செஞ்சா திரும்பவும் சுருங்கி அருவா ஆடும். ஒரு இஞ்ச் காய ஒரு வருஷம்னு ஆசாரிங்க கணக்கு. ரெண்டு முனையிலயும் பெயிண்ட் அடிச்சு (முனை வழியாத்தான் ஈரம் வேகமா போகும், வேகமா போனா வெடிக்கும்), நடுவுல சின்னச் சின்ன குச்சி வச்சு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, பால்கனில வெயில் படாத பக்கம் வச்சிருக்கேன். வெளிக்காத்துல ஆறறது போதும்னு தெரிஞ்சுக்க ஒரு சுலபமான வழி எடைதான், மாசா மாசம் எடை போடணும், எடை கொறையறது நின்னா இந்த ஊர் காத்துக்கு மரம் காஞ்சுடுச்சுன்னு அர்த்தம். அருவாவுக்கு லாரி பட்டா (ஸ்பிரிங் தகடு) ஒரு துண்டு கொல்லர் எடுத்து வச்சிருக்காரு, பலகை காய்ற வரைக்கும் அது உலைக்கு போகாது. அம்மாகிட்ட சொன்னேன், அதுவரைக்கும் கத்தியும் கட்டிங் போர்டும் வச்சு சமாளிக்கறேன், உக்காந்து நறுக்கற சொகம் வராதுன்னாங்க.

மேல இருக்கிற பலகைய லக்கேஜ் தராசுல மாட்டி, சாக்பீஸ்ல பலகை மேலயே தேதியும் எடையும் எழுதி வைக்கிறேன். அறுத்த அன்னைக்கு 14 கிலோ 200. போன மாசம் 12 கிலோ 350. இந்த ஞாயித்துக்கிழமை 12 கிலோ 100. இன்னும் எறங்குது.